வந்தாறுமூலையா, ஒலுவிலா, பேராதனையா? பொருளியல் பட்டத்துக்கான தெரிவுகள் பற்றி ஒரு மதிப்பீடு

உயர்தரப் பெறுபேறு வந்து இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்கான தரப்படுத்திய புள்ளி) கையில் கிடைத்ததும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி "எந்தக் கம்பஸ் கிடைக்கும்?" என்பதுதான். பொருளியல் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு அது இரண்டாவது கேள்வி. அந்தக் கம்பஸில் பொருளியல் எந்தப் பீடத்துக்குள் இருக்கிறது, முதல் இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு கணிதமும் புள்ளிவிபரவியலும் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். நாலு வருடம் கழித்துக் கையில் வரும் பெறுபேற்றுத் தாளின் பெறுமதி பெரும்பாலும் அதிலேதான் தங்கியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிழக்கில் இருக்கிற இரண்டு பல்கலைக்கழகங்களும் (வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பொருளியல் முதற்பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் மாணவர் சொந்த முயற்சியில் இழுத்துப் பிடிக்கவேண்டும். மத்திய வங்கி, ஆராய்ச்சி நிறுவனம், வெளிநாட்டு முதுமாணி என்று இலக்கு வைத்திருப்பவருக்குப் பேராதனையோ கொழும்போ போவதில் நியாயம் இருக்கிறது. பெயர் பெரியது என்பதற்காக மட்டும் போய், அங்கே மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு திரும்புவதைவிட, ஒலுவிலில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோடு நாலு வருடச் சிறப்புப் பட்டம் எடுப்பது எந்த நேர்முகத் தேர்விலும் நன்றாக நிற்கும்.

ஒரே பாடம், வேறு வேறு வாசல்

இலங்கையில் பொருளியலுக்குப் போகும் வழி ஒன்றல்ல. இது தெரியாமல் விண்ணப்பிப்பதால்தான் பல பிள்ளைகள் விரும்பாத பாடத்தில் போய் விழுகிறார்கள்.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பொருளியல் துறை வணிக முகாமைத்துவ பீடத்துக்குள் இருக்கிறது. ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், அது கலை கலாசார பீடத்தில், பொருளியல் மற்றும் புள்ளிவிபரவியல் துறை என்ற பெயரில். பேராதனையிலும் கலைப்பீடம், அங்கும் பொருளியலும் புள்ளிவிபரவியலும் சேர்ந்த துறை. யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம். களனியில் சமூக விஞ்ஞான பீடம். கொழும்பில் இரண்டு இடம்: கலைப்பீடத்தில் பொருளியல் துறை, முகாமைத்துவ நிதிப் பீடத்தில் வணிகப் பொருளியல் துறை. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் முகாமைத்துவப் பீடத்துக்குள் வணிகப் பொருளியல். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் வணிகக் கற்கைகள் பீடத்தில் வணிகப் பொருளியல் உண்டு. விவசாயப் பொருளியல் என்று இன்னொரு கிளை, பேராதனையிலும் வந்தாறுமூலையிலும் விவசாய பீடங்களுக்குள். அது உயிரியல் பிரிவில் படித்தவர்களின் வாசல், கலைப் பிரிவுப் பிள்ளைக்குத் திறக்காது.

பீடம் மாறினால் கூடவே படிக்கும் பாடங்கள் மாறும். வணிகப் பீடம் என்றால் கணக்கியல், முகாமைத்துவம், நிதி எல்லாம் கட்டாயமாகப் பக்கத்தில் வரும். கலைப்பீடம் என்றால் முதலாம் ஆண்டில் புவியியல், சமூகவியல், அரசியல் விஞ்ஞானம் போன்றவற்றோடு பொருளியலையும் ஒரு பாடமாக எடுத்து, பிறகுதான் சிறப்புக்குத் தெரிவாகவேண்டும். வங்கி, லீசிங், காப்புறுதி என்று நினைப்பவருக்கு முதலாவது வசதி. திட்டமிடல், அரச நிர்வாகம், அரசசார்பற்ற நிறுவனங்களின் மதிப்பீட்டு வேலை என்று நினைப்பவருக்கு இரண்டாவது பொருந்தும்.

"வணிகப் பொருளியல்" என்று பெயர் வைத்த பட்டத்தில் சந்தைப்படுத்தலும் நிறுவன முகாமைத்துவமும் கூடுதலாகவும், பேரினப் பொருளியல், பொது நிதி, அபிவிருத்திப் பொருளியல் குறைவாகவும் இருப்பது வழமை. தவறொன்றுமில்லை, ஆனால் அது வேறு பட்டம் என்று தெரிந்துகொண்டே எடுக்கவேண்டும்.

வந்தாறுமூலை

1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபர் 1 இல் முழுப் பல்கலைக்கழகமானது. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர், திருகோணமலை வீதியில் செங்கலடி தாண்டியதும். ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனைப் பிள்ளைகளுக்கு இது வீட்டிலிருந்து போய்வரும் தூரம். களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு நகரத்தில் பஸ் மாறவேண்டும், காலை எட்டு மணி விரிவுரை என்றால் அது தினமும் பாடாய்ப் படுத்தும்.

பலம்: வணிகப் பீடத்துக்குள் இருப்பதால் கணக்கியலும் நிதியும் அறிந்த பொருளியல் பட்டதாரி உருவாகிறார். கிழக்கின் வங்கிக் கிளைகளும் நுண்நிதி நிறுவனங்களும் கேட்பது அதைத்தான். பலவீனம்: ஆய்வை நோக்கிப் போக விரும்புபவருக்குத் தேவையான கணிதத்தின் ஆழம் வணிகப் பாடங்களோடு இடத்துக்குப் போட்டிபோடும். பீடத்தின் கைநூலை எடுத்து, மொத்தத் திறமைப்புள்ளிகளில் (கிரெடிட்) எத்தனை நேரடியாகப் பொருளியலுக்கும் அளவைசார் (கணித, புள்ளிவிபரவியல்) பாடங்களுக்கும் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் கீழே இறங்கினால் அது பொருளியல் கலந்த வணிகப் பட்டம்.

ஒலுவில்

1995 ஒக்டோபர் 23 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உருவாகி, 1996 மே 15 இல் பல்கலைக்கழகத் தரம் பெற்றது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், கரையோரமாக. நிந்தவூர், அட்டாளைச்சேனை, சம்மாந்துறைக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளையை வெளியூர் விடுதிக்கு அனுப்ப உம்மா வாப்பா தயங்கும் வீடுகளுக்கு, இது கிடைத்ததே பெரிய வாய்ப்பு. அந்தத் தயக்கத்தைக் குறைசொல்லி ஆவதொன்றுமில்லை, அதற்குள் நின்று நல்ல பட்டம் எடுப்பது எப்படி என்று பார்ப்பதே உருப்படியானது. சம்மாந்துறையில் இருப்பது பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும். பொருளியலுக்கு ஒலுவில்தான் வரவேண்டும்.

துறையின் பெயரிலேயே புள்ளிவிபரவியல் இருப்பது வெறும் அலங்காரம் அல்ல. அளவைசார் பாடங்கள் துறைக்குள்ளேயே நடப்பதால் வேறு பீடத்து விரிவுரையாளரைக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கலைப்பீட வாசல் என்பதால் முதலாம் ஆண்டு கழிந்துதான் உண்மையான சோதனை. சிறப்புக்கு இடம் மட்டுப்பட்டிருக்கும், பொருளியலில் எடுத்த புள்ளியே அளவுகோல்.

ஒலுவிலுக்கு இன்னொரு பலம் உண்டு, அதை மாணவர்களே அதிகம் கவனிப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே 2013 இல் திறந்த துறைமுகம், அதன்பின் வந்த கரையோர அரிப்பு, மணல் அடைத்த துறைமுக வாய். பொதுமுதலீட்டின் செலவு-நன்மைப் பகுப்பாய்வுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு பாடம் நாட்டில் வேறெங்கும் கிடைக்காது. கல்லோயாத் திட்ட நீரில் விளையும் அம்பாறை வயல்கள், மருதமுனைக் கைத்தறி, அறுகம்பைச் சுற்றுலா எல்லாம் நடைதூரமோ பஸ் தூரமோதான். நாலாம் ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையவேண்டியதில்லை.

மலைக்கும் தலைநகருக்கும் போனால்

பேராதனையின் கலைப்பீடப் பொருளியலுக்கு நாட்டில் நீண்ட பெயர் இருக்கிறது, நூலகம் பெரியது, கூடப் படிக்கும் பிள்ளைகளின் தரம் உயர்ந்தது. கடைசிச் சொன்னதுதான் உண்மையில் விலைமதிப்பானது. கெட்டிக்காரர்கள் பத்துப்பேர் இருக்கும் வகுப்பில் சராசரி மாணவரும் உயர்வார். ஆனால் அதே காரணத்தால் சிறப்புக்கான போட்டியும் கடுமை. கிழக்கிலிருந்து தமிழ்மூலம் போகிறவர், விரிவுரையும் பரீட்சையும் எந்த மொழியில் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே போகவேண்டும். "கலைப்பீடத்தில் தமிழ்மூலம் உண்டு" என்று பொதுவாகச் சொல்வதை நம்பிப் போனால், இரண்டாம் ஆண்டில் எக்கனோமெட்ரிக்ஸ் (பொருளியல் தொடர்புகளைத் தரவை வைத்துப் புள்ளிவிபரவியலால் அளக்கும் பாடம்) ஆங்கிலத்தில் மட்டும் என்று தெரியவரலாம்.

கொழும்புக்கு ஆங்கிலம் கட்டாயம் என்று வைத்துக்கொண்டே யோசியுங்கள். அங்கே கிடைக்கும் மேலதிக பலன் வகுப்பறையில் இல்லை. மத்திய வங்கியும் திறைசேரியும் ஆய்வு நிறுவனங்களும் பஸ்ஸில் அரைமணித் தூரத்தில் இருப்பதால் பயிற்சிக்கும் பகுதிநேர ஆய்வு உதவியாளர் வேலைக்கும் அங்கேயே ஆள் எடுக்கிறார்கள். அதைப் பயன்படுத்தாத மாணவருக்குக் கொழும்பு வெறும் வாடகைச் செலவு.

யாழ்ப்பாணம் தமிழ்ச் சூழலில் கலைப்பீடப் பொருளியலைத் தருகிறது. ஆனால் மட்டக்களப்புப் பிள்ளைக்கு வந்தாறுமூலையை விட்டு அங்கே போக வலுவான காரணம் வேண்டும். கலைப்பீடச் சேர்க்கைகளோடு பொருளியல் படிக்க விருப்பம் என்றால் அது ஒரு காரணம். அம்பாறைப் பிள்ளைக்கு அந்தக் காரணம்கூட இல்லை, ஒலுவிலிலேயே அது இருக்கிறது.

விழுகிற இடம்: இரண்டாம் ஆண்டுக் கணிதம்

எந்தக் கம்பஸ் என்றாலும் பொருளியல் மாணவர் இடறுவது ஒரே இடத்தில்தான். உயர்தரத்தில் தமிழ், இந்துநாகரிகம் அல்லது இஸ்லாமிய நாகரிகம், பொருளியல் என்று எடுத்த பிள்ளை ஓ.எல். முடிந்தபின் கணிதத்தைத் தொட்டே இருக்கமாட்டார். ரியூசன் மாஸ்டரின் நோட்ஸைப் பாடமாக்கி உயர்தரப் பொருளியலில் ஏ எடுக்கலாம், அந்தப் பரீட்சை அப்படி இடம்கொடுக்கும். பல்கலைக்கழகம் கொடுக்காது.

உங்கள் நிலை என்ன என்று அறிய ஒரு சின்னச் சோதனை. ஒரு சந்தையில் கேள்வி (வாங்க விரும்பும் அளவு) = 100 − 2 × விலை. நிரம்பல் (விற்க விரும்பும் அளவு) = 10 + விலை. இரண்டையும் சமப்படுத்தினால் விலை 30, அளவு 40. இதுவரை ஓ.எல். கணிதம். அந்தச் சமநிலையில் கேள்வியின் விலை நெகிழ்ச்சி எவ்வளவு? சரிவு −2, அதை 30/40 ஆல் பெருக்க −1.5. இப்போது விற்பவர்மீது அலகுக்கு 6 ரூபாய் வரி. நிரம்பல் 4 + விலை என்று மாறும், புதிய விலை 32, அளவு 36. வாங்குபவர் 2 ரூபாய் கூடக் கொடுக்கிறார், விற்பவர் கைக்கு 26 தான் வருகிறது, ஆக அவர் தாங்குவது 4. அரசுக்கு 216 ரூபாய் வருமானம். எவர் கைக்கும் போகாமல் அழிந்த நலன் 12 ரூபாய். ஆறு ரூபாய் வரியில் விற்பவர் ஏன் கூடுதலாகத் தாங்குகிறார் என்பதைப் படம் வரையாமல் விளக்கமுடிந்தால் முதலாம் ஆண்டு பயமில்லை.

அடுத்தது கொஞ்சம் ஏற. மொத்தச் செலவு = 50 + 4 × அளவு + அளவின் வர்க்கம். சந்தை விலை 24. எவ்வளவு உற்பத்தி செய்தால் இலாபம் உச்சமாகும்? வகையிட்டால் எல்லைச் செலவு 4 + 2 × அளவு, அதை 24 க்குச் சமப்படுத்த அளவு 10, இலாபம் 50. இதில் "வகையிட்டால்" என்ற சொல்லில் நின்றுவிட்டீர்கள் என்றால், பதிவு தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை தெரிந்துவிட்டது.

பெறுபேறு வந்ததற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் மாதக்கணக்கில் காலம் போகிறது. அந்த இடைவெளியில் படிக்கவேண்டியது அதிகமில்லை: நேர்கோட்டுச் சார்புகளும் வரைபும், ஒருங்கமை சமன்பாடுகள், அடுக்குக்குறியும் மடக்கையும், ஒருமாறி வகையீடு, பகுதி வகையீடு, இரண்டுக்கு இரண்டு தாயம், கூட்டல் குறியீடு, நிகழ்தகவு, செவ்வன் பரம்பல், கருதுகோள் சோதனை. இணைந்த கணிதம் படித்த பக்கத்துவீட்டு அண்ணாவோ அக்காவோ வாரம் இரண்டு மாலை உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் முடியும். பணம் கட்டி "கம்பஸ் முன்னோடி வகுப்பு" எதுவும் தேவையில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், எக்கனோமெட்ரிக்ஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து, எல்லாவற்றையும் கேட்கும். கணிதம் தெரியாதவர் மென்பொருள் தரும் அட்டவணையைப் பிரதிபண்ணி, குணகத்துக்கு நேரே நட்சத்திரம் இருந்தால் "தாக்கம் உண்டு" என்று எழுதுவார். ஆய்வுத் தேர்வில் வெளிப்பரீட்சகர் "ஏன் இந்த மாறியைச் சேர்த்தாய்?" என்று கேட்டதும் நின்றுவிடுவார். துறையைப் பார்க்கப் போகும்போது கணினி ஆய்வுகூடத்தில் என்ன மென்பொருள் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். எஸ்பிஎஸ்எஸ் மட்டும் என்றால் குறைவு. ஸ்டேட்டா, ஈவியூஸ், ஆர் இவற்றில் ஒன்றாவது கையில் எடுத்துச் செய்ய வைக்கிறார்களா? ஆர் இலவசம், வீட்டு மடிகணினியிலேயே பழகலாம்.

திறமைப்புள்ளியும் வகுப்பும்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5 ஆம் நிலை, 90 திறமைப்புள்ளி. நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் நிலை, 120 திறமைப்புள்ளி. ஒரு திறமைப்புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கு. விரிவுரை அதில் 15 மணிதான். மூன்று திறமைப்புள்ளிப் பாடத்துக்கு 150 மணி, அதில் 45 மண்டபத்தில், மீதி 105 சொந்தப் படிப்பு. ஒரு செமஸ்டரில் அப்படி ஐந்து பாடம் எடுத்தால், பதினைந்து வாரத்தில், பாடத்துக்கு வாரம் ஏழு மணியாக முப்பத்தைந்து மணி வகுப்புக்கு வெளியே படிக்கவேண்டும். பெரும்பாலான மாணவர் இதில் கால்வாசிகூடச் செய்வதில்லை, பரீட்சைக்கு முதல் இரண்டு கிழமை பழைய வினாத்தாளோடு ஓடுகிறார்கள்.

4.00 க்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளியில் (ஜிபிஏ) வகுப்புக்கு வழமையான எல்லைகள்: முதலாம் வகுப்பு 3.70, இரண்டாம் மேற்பிரிவு 3.30, இரண்டாம் கீழ்ப்பிரிவு 3.00. முதலாம் ஆண்டை "பழகும் ஆண்டு" என்று விட்டுவிடுபவர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். முதல் 30 திறமைப்புள்ளியில் சராசரி 2.50 எடுத்தால், இறுதியில் 3.30 தொட மீதி 90 இலும் 3.57 வைத்திருக்கவேண்டும், அதாவது ஏறக்குறைய எல்லாப் பாடமும் ஏ-மைனஸ் பக்கம். முதலாம் ஆண்டு இறுதிச் சராசரியில் சேருமா என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும், கைநூலில் எழுதியிருக்கும். சேராவிட்டாலும் சிறப்புக்குத் தெரிவு அந்த ஆண்டுப் புள்ளியை வைத்துத்தான்.

முதுமாணிக்கு வெளிநாடு போக நினைப்பவர் கலைமாணியா விஞ்ஞானமாணியா என்று கவலைப்படத் தேவையில்லை. அனுமதிக் குழு பார்ப்பது பெறுபேற்றுத் தாளில் நுண்பொருளியல், பேரினப் பொருளியல் இரண்டும் இடைநிலைத் தரத்திலாவது இருக்கிறதா, கணிதம், புள்ளிவிபரவியல், எக்கனோமெட்ரிக்ஸ் இருக்கிறதா என்பதைத்தான்.

பாடவிதானம் எந்தக் காலத்தில் நிற்கிறது?

2022 ஏப்ரல் 12 இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் நீடிக்கப்பட்ட நிதி வசதிக் கடன், அதே ஆண்டில் புதிய மத்திய வங்கிச் சட்டம். ஒரு பொருளியல் துறை இவ்வளவையும் தாண்டி வந்தபின்னும் பணக்கொள்கைப் பாடத்தில் பழைய நோட்ஸையே ஓதிக்கொண்டிருந்தால் அந்தத் துறையில் யாரும் வாசிப்பதில்லை என்று அர்த்தம். கண்டுபிடிப்பது சுலபம். சிரேஷ்ட மாணவரிடம் கடந்த இரண்டு வருடப் பரீட்சை வினாத்தாளை வாங்குங்கள். கடன் மறுசீரமைப்பு, பணவீக்க இலக்கு, நெகிழ்வான நாணயமாற்று வீதம் பற்றி ஒரு வினாவாவது இருக்கிறதா? தரவு கொடுத்து விளக்கம் கேட்கும் வினா எத்தனை, "வரைவிலக்கணம் தருக" வகை எத்தனை? வினாத்தாளைப் போல ஒரு துறையைக் காட்டிக்கொடுப்பது வேறொன்றுமில்லை. இணையத்தளத்தில் போட்டிருக்கும் தூரநோக்குக் கூற்றை விடுங்கள்.

மொழி

தமிழ்மூலம் படித்து நல்ல பொருளியலாளர் ஆக முடியாது என்பது பொய். ஆனால் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வாசிக்கவேண்டியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது உண்மை. இதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடு மூன்று மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பணவீக்கம் பற்றிய அத்தியாயத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளுக்கு இரண்டு பக்கம் வாசித்தால், ஒரு செமஸ்டருக்குள் துறைச் சொற்கள் இரண்டு மொழியிலும் ஓடிவரும். பொது ஆங்கில வகுப்புக்கு இதைச் செய்ய ஏலாது.

செலவு

அரச பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் இல்லை. ஆனால் இருப்பும் சாப்பாடும் பயணமும் இலவசமல்ல. மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ரூபாயாக உயரும் என்று 2025 பாதீட்டில் அறிவித்தார்கள், அதற்குத் தகுதி கிடைக்காதவருக்குக் குறைந்த தொகையில் நிதியுதவி. இன்றைய விலையில் அது வெளியூர் போடிங் வாடகையோடு தீர்ந்துவிடும், சாப்பாடு வீட்டுப் பணத்தில்தான். கொடுப்பனவு தொடங்கவும் பதிவுக்குப் பிறகு மாதங்கள் எடுக்கும், முதல் அரையாண்டுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டே போங்கள். விடுதி இடம் பொதுவாக வீட்டுத் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுப்பது. அதனால் களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு வந்தாறுமூலை விடுதி கிடைக்காமலும், பேராதனை விடுதி கிடைத்தும் போகலாம்.

நாலு வருடப் பட்டம் நாலு வருடத்தில் முடியும் என்று கணக்குப் போடவேண்டாம். 2024 இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் நாட்டிலுள்ள அரச பல்கலைக்கழகங்களை வாரக்கணக்கில் முடக்கியது. இந்தத் தாமதம் எல்லா இடத்துக்கும் பொது, ஆனால் வீட்டிலிருந்து போகிறவருக்கு அந்த இழுபாட்டின் செலவு குறைவு. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதி ஒன்றில் பெற்றதற்கான கையொப்பம் வாங்கி வையுங்கள்.

அரச இடம் கிடைக்காவிட்டால்

திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே சமூக விஞ்ஞானத்தில் பொருளியல் படிக்க அது நியாயமான வழி. இலண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் பொருளியல் பட்டத்துக்குப் பாடநெறி வழிநடத்தல் இலண்டன் பொருளியல் கல்லூரியுடையது. கணிதம் கடுமை, தரம் உயர்வு, பரீட்சைக் கட்டணமோ பவுணில். 2022 இல் ரூபாய் சரிந்தபோது இடையில் நின்றவர்களை நினைத்து, முழுக் கட்டணத்தையும் இன்றைய வீதத்தில் மட்டுமல்ல, அதன் ஒன்றரை மடங்கிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் மூன்று வருடப் பொருளியல் பட்டம் சூழலுக்கு இலகு, ஆனால் நாலு வருடம் கேட்கும் முதுமாணித் திட்டங்களில் அது இடறும். எந்த வெளிநாட்டுப் பட்டம் என்றாலும் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வைக்கவேண்டும்.

விண்ணப்பத்தில் நடக்கும் பிழை

குறைந்தபட்சத் தகுதி: ஒரே அமர்வில் மூன்று பாடத்திலும் சாதாரண சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி. அதற்குமேல் எல்லாம் இசட் புள்ளியும் விருப்ப வரிசையும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. மாவட்டம் வீட்டு முகவரியால் அல்ல, உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலையால் தீர்மானிக்கப்படுவது. கல்முனையில் வீடும் மட்டக்களப்பில் பாடசாலையும் என்றால் மட்டக்களப்பின் வெட்டுப்புள்ளியைத்தான் பார்க்கவேண்டும்.

விருப்ப வரிசையை மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி எட்டுகிற முதல் இடத்தையே தருவார்கள். "பாதுகாப்புக்கு" என்று எட்டக்கூடியதை முதலில் போட்டால், அதுவே கிடைக்கும், மேலே போகக்கூடிய புள்ளி இருந்தாலும் மற்றதைப் பார்க்கவே மாட்டார்கள். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள், எட்டாவிட்டால் அடுத்ததுக்குத் தானாகப் போகும், எதுவும் நட்டமில்லை. போன வருட வெட்டுப்புள்ளி உங்களுடையதைவிடக் கொஞ்சம் மேலே என்பதற்காக ஒரு கற்கைநெறியை விட்டுவிடவும் வேண்டாம், அது வருடா வருடம் ஏறி இறங்கும்.

ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு உண்டு. "கலை" என்ற குறியீட்டில் போனவர் பிறகு வணிகப் பீடத்துப் பொருளியலுக்குள் நுழையமுடியாது, மறுபுறமும் அப்படியே. வந்தாறுமூலையை விரும்புபவர் எந்தக் குறியீடு பொருளியல் துறையில் போய் முடிகிறது என்று பீட அலுவலகத்தில் கேட்டு, மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலின் அந்த வருடப் பதிப்போடு ஒப்பிட்டபின்தான் வரிசையை நிரப்பவேண்டும். போன வருடம் போன அண்ணா சொன்ன குறியீட்டை அப்படியே போடாதீர்கள். பெயரும் எண்ணும் மாறுவதுண்டு, சமர்ப்பித்தபின் அச்செடுத்துச் சரிபார்க்கும்போது பிழை தெரிந்தால், திருத்தத்துக்குக் கொடுத்திருக்கும் திகதிக்குள் மட்டுமே வழி இருக்கும்.